“பிரமாதம்” என்றால் தவறு! ஜனங்கள் எழுதிய வேடிக்கை அகராதி

நந்தனம் என்றால் என்ன?

அகராதியைப் புரட்டினால் பதில் கிடைக்கும். இந்திரனுடைய பூந்தோட்டம் என்று போட்டிருக்கும். தேவர்கள் உலாவுகிற இடம். வாடாத பூக்கள் பூக்கிற இடம். நினைத்ததைக் கொடுக்கும் கற்பக மரம் நிற்கிற இடம்.

சென்னையில் பஸ்சில் போகிறவரைக் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

“சைதாப்பேட்டைக்கு முன்னால் வண்டி நிற்குமே, அந்த இடம்!” என்பார்.

இரண்டு பதிலும் சரிதான்.

1952-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ராஜாஜி சென்னை மாநிலத்தின் முதல்-மந்திரி ஆனார். அப்போது பிறந்தது நந்தன ஆண்டு. 60 தமிழ் ஆண்டுகளில் அது 26-வது ஆண்டு. புதிதாக எழுந்த குடியிருப்புக்கு அந்த ஆண்டை ஒட்டி “நந்தனம்” என்று அவர் பெயர் வைத்தார். ஆண்டின் பெயரும் ஆயிற்று, இந்திரன் தோட்டத்தின் பெயரும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

அந்த ஆண்டு போய்விட்டது. 2012-ல் மறுபடியும் நந்தன ஆண்டு வந்தது. அதுவும் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. கூடவே வண்டிகளும் நிற்கின்றன. தியாகராயநகரில் இருந்து வெங்கட்நாராயணா சாலை வழியாக வருகிறவரும், அண்ணாசாலையில் கிண்டிக்குப் போகிறவரும் அங்கே சந்தித்துக்கொள்கிறார்கள். தோட்டத்தில் உலாவுகிற வேகத்துக்கு மேல் யாரும் போக முடியாது. அந்த அளவில் அகராதி சொன்னது இன்றைக்கும் பொருந்துகிறது!

ஒரு சொல்லுக்கு அகராதி ஓர் அர்த்தம் சொல்லும். ஜனங்கள் இன்னோர் அர்த்தம் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தில்தான் வேடிக்கையே இருக்கிறது. இந்த வேடிக்கையைச் சிலர் புத்தகமாகவே எழுதிப் பெயர் வாங்கினார்கள். சிலர் வாங்கியும் கட்டிக்கொண்டார்கள்!

குதிரைத் தீனி

லண்டனில் சாமுவேல் ஜான்சன் என்று ஓர் அறிஞர் இருந்தார். பெரிய ஆங்கில அகராதி ஒன்றை எழுதித் தருவதாக 1746-ல் புத்தக வியாபாரிகளிடம் ஒப்பந்தம் செய்துகொண்டார். 3 ஆண்டில் முடித்துவிடுவேன் என்றார். அகராதி வெளிவந்தது 1755-ல்! சுமார் 42 ஆயிரம் சொற்கள் அதில் இருந்தன.

அகராதி எழுதுகிற வேலை அலுப்பான வேலை. நடுநடுவே ஜான்சனுக்குக் குறும்பு பிறந்தது. “ஓட்ஸ்” என்ற தானியத்துக்கு அர்த்தம் எழுதும்போது, இங்கிலாந்தில் இது குதிரைக்குத் தீனி, ஸ்காத்லாந்தில் மனிதருக்குச் சாப்பாடு என்கிற பொருளில் எழுதிவைத்தார். ஸ்காத்லாந்துக்காரர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதில் ஒரு விசேஷம். ஜான்சனுக்குப் பிரதி எழுத உதவிய 6 குமாஸ்தாக்களில் 5 பேர் ஸ்காத்லாந்துக்காரர்கள்! தங்கள் ஊரைக் கேலி செய்கிற அகராதிக்குத் தாங்களே உழைத்துக் கொடுத்தார்கள்.

அதோடு விட்டாரா? “பென்ஷன்” என்ற சொல்லையும் பிடித்துக்கொண்டார். சொந்த நாட்டுக்குத் துரோகம் செய்வதற்காக அரசாங்கம் தன் ஆளுக்குக் கொடுக்கிற கூலி என்ற கருத்தில் அர்த்தம் எழுதினார். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

7 ஆண்டு கழிந்தது. 1762-ல் மன்னர் ஜான்சனுக்கு ஆண்டுக்கு 300 பவுன் பென்ஷன் கொடுத்தார்!

வாங்குவதா, வேண்டாமா? ஜான்சன் தவித்தார். நண்பர்களிடம் யோசனை கேட்டார். “நீர் எழுதிய அர்த்தம் உமக்குப் பொருந்தாது” என்று அவர்கள் தைரியம் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். எதிரிகளுக்குக் கொண்டாட்டம். அகராதியைத் திறந்து திறந்து காட்டினார்கள். அந்தப் பென்ஷன் கிடைக்கக் காரணமாக இருந்த பிரதம மந்திரி பியூட் பிரபு எந்த ஊர்க்காரர் தெரியுமா? ஸ்காத்லாந்து!

அமெரிக்காவில் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் என்ற பத்திரிகைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் எழுதியது முழுக்க முழுக்கக் கேலி அகராதி. 1881-ல் இருந்து பத்திரிகையில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினார். 1906-ல் அது புத்தகமாக வந்தது. சாத்தானின் பெயரைத் தலைப்பில் வைக்க வெளியிட்டவர்கள் பயந்தார்கள். ஆகவே முதலில் வேறு பெயரில் வந்தது. 1911-ல்தான் “சாத்தானின் அகராதி” என்ற பெயர் கிடைத்தது. கல்யாணம், அரசியல், நட்பு ஒன்றையும் அவர் விடவில்லை. 1913-ல், 71-வது வயதில், சண்டை நடந்துகொண்டிருந்த மெக்சிகோ நாட்டுக்குப் போனார். போனவர் போனவர்தான். என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டில்?

தமிழ்நாட்டிலும் அகராதி எழுதியவர்கள் உண்டு. இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவர் 1732-ல் “சதுரகராதி” எழுதினார். முட்டாள் குருவும் சீடர்களும் அடிக்கிற கூத்தைச் சொல்லும் “பரமார்த்த குரு கதை”யை எழுதியவரும் அவரே. ஆனால், அந்தச் சிரிப்பைக் கதையோடு நிறுத்திக்கொண்டார். அகராதியில் அவர் விளையாடவில்லை.

பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் பேரகராதி போட்டது. வையாபுரிப் பிள்ளை அதன் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக்கொடுத்தார். 1924-ல் இருந்து 1936-க்குள் 6 பெரிய தொகுதிகள் வந்தன. 1939-ல் அனுபந்தமும் வந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். பக்கத்துக்குப் பக்கம் கண்டிப்பான வாத்தியார் போல இருக்கும் புத்தகம் அது.

அப்படியானால் தமிழில் வேடிக்கை அகராதி கிடையாதா? உண்டு! அதை ஒருவர் எழுதவில்லை. ஜனங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதினார்கள். எழுத்துக்கூடப் படிக்காதவர்களும் சேர்ந்து எழுதினார்கள். வெளியில் இருந்து வந்த சொற்களை வாங்கி, அனுபவத்தில் போட்டுப் புரட்டி, புது அர்த்தம் கொடுத்தார்கள். வாத்தியார் அகராதிகளும் பிறகு அவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

சபாவில் கேட்ட சத்தம்

டிசம்பர் மாதம். மயிலாப்பூரில் ஒரு சபா. பாடகர் ராகம் பாடி நிறுத்துகிறார். முன் வரிசையில் இருப்பவர் தலையை ஆட்டி, “பிரமாதம்! பிரமாதம்!” என்கிறார். பாடகர் கை கூப்புகிறார்.

வடமொழிப் பண்டிதர் பக்கத்தில் இருந்தால் திடுக்கிடுவார். வடமொழியில் “பிரமாதம்” என்றால் தவறு, கவனக்குறைவு என்று அர்த்தம்! தமிழ்நாட்டில் அது தலைகீழாக மாறி, மிக நன்று என்று ஆகிவிட்டது. எப்படி மாறியதோ! சில கச்சேரிகளில் இரண்டு அர்த்தமும் ஒரே சமயத்தில் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

“அவசரம்” என்ற சொல்லுக்கு வடமொழியில் தக்க சமயம், வாய்ப்பு என்று பொருள். தமிழில் அதுவே பரபரப்பு ஆகிவிட்டது. வாய்ப்பு வந்துவிட்டது என்றால் ஓட வேண்டியதுதானே! நந்தனம் மெட்ரோ நிலையத்துப் படிகளில் காலை 9 மணிக்கு நின்று பார்த்தால் இரண்டு அர்த்தமும் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கலாம்.

“உத்தியோகம்” என்றால் முயற்சி. மகாபாரதத்தில் “உத்தியோக பர்வம்” என்று ஒரு பகுதி உண்டு. சமாதானத்துக்கும் சண்டைக்கும் நடந்த முயற்சிகளைச் சொல்வது அது. பாண்டவர்களுக்குச் சர்க்கார் வேலை கிடைத்த கதை என்று நினைத்துவிடக் கூடாது! தமிழில் உத்தியோகம் என்றால் வேலை. அதிலும் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலை. கிடைக்கும்வரைதான் முயற்சி, கிடைத்த பிறகு எதற்கு என்று ஜனங்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ!

“சம்சாரம்” என்றால் பிறந்து இறந்து பிறந்து இறந்து உழல்கிற வாழ்வு. கரை காண முடியாத கடல் என்று ஞானிகள் சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கணவர்களோ, “இவள் என் சம்சாரம்” என்று மனைவியை அறிமுகம் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டே ஒருவர் இதை மனைவியிடம் சொன்னாராம்.

“சம்சாரம் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? பிறவிக் கடல்! கரை ஏறுவது கஷ்டம்!”

“சரி, புருஷன் என்றால் என்ன அர்த்தம் போட்டிருக்கிறது?”

“மனிதன் என்று அர்த்தம்.”

“அப்படியா! கல்யாணம் ஆகி 20 வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!”

அதன் பிறகு அவர் அகராதியைத் திறக்கவில்லை என்று கேள்வி.

தமிழ்ச் சொற்களும் தப்பவில்லை. “நாற்றம்” என்பது சங்க காலத்தில் நல்ல மணம். பூவுக்கு நாற்றம் உண்டு என்று சொன்னால் புலவருக்கு மகிழ்ச்சி. இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே கை மூக்குக்குப் போகிறது. ஒரு காலத்தில் படகு போன அடையாறு, நந்தனத்துக்குத் தெற்கே ஓடுகிறது. கோடைக் காலத்தில் அதன் கரையில் நின்றால் இந்தச் சொல் ஏன் மாறியது என்று ஆராய்ச்சி செய்யாமலே தெரிந்துவிடும்.

கண்ணன் சொன்ன வசவு

சென்னைத் தெருவில் இன்னொரு சொல் உண்டு. குறுக்கே வருகிறவரைப் பார்த்து வண்டிக்காரர் வீசுகிற சொல். “கஸ்மாலம்!”

மட்டமான பேச்சு என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பகவத் கீதை 2-வது அத்தியாயம், 2-வது சுலோகத்தில் இந்தச் சொல் இருக்கிறது! போர்க்களத்தில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணன், “இந்தக் கசமலம் உனக்கு எங்கிருந்து வந்தது?” என்ற கருத்தில் கேட்கிறான். அழுக்கு, மனத் தளர்ச்சி என்று பொருள். கண்ணனும் தேர் ஓட்டிதான், வசவு வீசுகிற ஆட்டோக்காரரும் வண்டி ஓட்டிதான். போக வேண்டிய நேரத்தில் நடுவழியில் நிற்கிறவரைப் பார்த்து இருவரும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள்!

பாரசீகமும் அரபியும் நவாபுகளோடு வந்த மொழிகள். கச்சேரிகளில், அதாவது சர்க்கார் அலுவலகங்களில், அந்த மொழிச் சொற்கள் குடியேறின. “சுமார்” என்றால் பாரசீகத்தில் எண்ணிக்கை. எண்ணிச் சொல்வது! தமிழில் எண்ணாமல் சொல்வதற்குப் பெயர் சுமார். “கூட்டம் சுமார் ஆயிரம் பேர்” என்றால் யாரும் எண்ணவில்லை என்று பொருள். “படம் சுமார்” என்றால் போக வேண்டாம் என்று பொருள். “சவால்” என்றால் கேள்வி. தமிழில் யாராவது கேள்வி கேட்டால் அது சண்டைக்கு அழைப்பு!

“ராஜிநாமா” அதைவிட வேடிக்கை. மனம் ஒப்பி எழுதித் தருகிற பத்திரம் என்பது அதன் சொந்த அர்த்தம். இருவர் சமாதானம் ஆவதை “ராஜி ஆனார்கள்” என்று இன்றைக்கும் சொல்கிறோம். பதவியை விட்டு விலகுகிற கடிதத்துக்கும் அதே பெயர்தான். மனம் ஒப்பித்தான் விலகுகிறார் என்று ஊர் நம்ப வேண்டுமாம்!

நம் ஊர்ச் சொல் “வாக்கு”. கொடுத்த சொல் என்று ஓர் அர்த்தம். ஓட்டு என்று இன்னோர் அர்த்தம். தேர்தலில் வேட்பாளர் வாக்குக் கொடுக்கிறார், ஜனங்கள் வாக்குப் போடுகிறார்கள். போட்டவர் மறக்காமல் இருக்க விரலில் மை வைக்கிறார்கள். 1962 பொதுத்தேர்தலில் இருந்து மைசூரில் தயாராகும் அந்த மை, தோலில் சில நாளும் நகத்தில் சில வாரமும் இருக்கும். கொடுத்தவருக்கு வைக்க மை கண்டுபிடிக்கப்படவில்லை.

வந்து சேர்ந்த பணம்

எல்லாச் சொல்லும் சிரிப்பில் பிறந்தது அல்ல. சில சொற்கள் அடிபட்டுப் பிறந்தவை.

“வசூல்” என்பது அரபிச் சொல். வந்து சேர்தல் என்று அர்த்தம். எவ்வளவு சாதுவான சொல்! பணம் தானாக நடந்து வந்து சேருவது போல இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் நிலவரி எப்படி வந்து சேர்ந்தது? வரி கட்ட முடியாத குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று புகார் எழுந்தது. 1854-ல் விசாரணைக் குழு போட்டார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. புகார் உண்மை என்று குழு சொன்னது. வரி அதிகாரிகளும் போலீசாரும் செய்த கொடுமைகள் அதில் பெயரோடு இருக்கின்றன. விரல்களைக் குச்சிகளுக்கு நடுவே வைத்து நெரிப்பதற்குப் பெயர் “கிட்டி”. ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி வெயிலில் விடுவதற்குப் பெயர் “அண்ணாந்தாள்”. இவை ஆங்கில அறிக்கையிலேயே தமிழ்ப் பெயரோடு ஏறின. ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனிச் சொல் இல்லை போலும்.

இன்றும் கடன்காரர் வாசலில் வந்து நின்றால் வீட்டில் இருப்பவர்கள், “வசூலுக்கு வந்திருக்கிறார்” என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். சினிமாவுக்கு மட்டும்தான் அது நல்ல சொல்.

“மாமூல்” என்பதும் அரபிச் சொல்தான். வழக்கம் என்று அர்த்தம். வழக்கமாக நடப்பது எதுவும் மாமூல். “மாமூலான பேச்சு” என்கிறோமே, அது பழைய அர்த்தம். பிறகு வழக்கமாகக் கொடுப்பதற்குப் பெயர் ஆயிற்று. கடைசியில் கொடுக்கக் கூடாததை வழக்கமாகக் கொடுப்பதற்குப் பெயர் ஆயிற்று.

1947-ல் ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. 1988-ல் புதுச் சட்டம் வந்தது. சட்டத்தில் அது குற்றம். வாங்குகிறவர் பேச்சில் அது வழக்கம். நடைபாதையில் கூடை வைத்துப் பூ விற்கிற அம்மாள், நாள் முழுவதும் வெயிலில் உட்கார்ந்து சம்பாதித்ததில் ஒரு பங்கை எடுத்து மடியில் தனியாக முடிந்துவைக்கிறாள். அது எதற்கு என்று கேட்டால் “மாமூல்” என்பாள். வேறு விளக்கம் சொல்லமாட்டாள். எந்தக் கேலி அகராதியும் இதைவிடச் சுருக்கமாக எழுதிவிட முடியாது.

இன்னும் ஒரு சொல் பாக்கி. “வாய்தா.”

“வாதா” என்ற அரபிச் சொல் உருது வழியாக வந்து வாய்தா ஆயிற்று. வாக்குறுதி என்று அர்த்தம். இன்ன தேதியில் செய்கிறேன் என்று கொடுக்கிற சொல். நிலவரிக்குத் தவணை கட்டும் நாளுக்கு அந்தப் பெயர் இருந்தது. கோர்ட்டில் வழக்கைத் தள்ளிவைக்கிற நாளுக்கும் அதே பெயர் வந்தது. இப்போது வாய்தா என்றால் தள்ளிவைப்பது. செய்கிறேன் என்ற சொல், இன்றைக்குச் செய்யவில்லை என்ற சொல்லாக மாறிவிட்டது. பாட்டன் போட்ட வழக்கில் பேரன் போய் நிற்கிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தக் குடும்பங்களில் குழந்தைகள் இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடம் போகுமுன்பே கற்றுக்கொள்கின்றன.

கிராமத்துப் பெரியவர் ஒருவர். வரப்புத் தகராறு. வழக்குப் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. விடியற்காலையில் எழுந்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய் கோர்ட்டு வராந்தாவில் உட்காருகிறார். பகல் போகிறது. பெயரைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே போகிறார். உடனே வெளியே வருகிறார்.

இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார். மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

“என்னங்க, என்ன கிடைச்சுது?”

பெரியவர் தண்ணீரைக் குடித்து முடிக்கிறார். துண்டால் வாயைத் துடைத்துக்கொள்கிறார்.

“வாய்தா” என்கிறார்.

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சோறு போட உள்ளே போகிறாள்.